உத்தரம் சுமக்கும் பாரம்

வீட்டைச் சற்றுப் பெரிதாக்கவேண்டும் என்ற விருப்பம் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு காலத்தில் எழுவதுண்டு. பிள்ளைகள் வளர்கின்றனர், மருமக்கள் வருகின்றனர். தந்தையார் கட்டிய இரு சிறிய அறைகளுக்கு நடுவேயுள்ள சுவரை எடுத்துவிட்டால் நல்ல மண்டபம் ஒன்று கிடைக்குமே என்று வீட்டுக்காரர் எண்ணுகிறார். இன்னொரு வீட்டிலே கறையான் அரித்த பழைய உத்தரத்தை எடுத்துப் புதியது வைக்கவேண்டியிருக்கிறது. இவ்விரு வேலைகளும் பார்வைக்கு வெவ்வேறானவை, இயல்பில் ஒன்றே. நெடுங்காலமாகப் பாரம் சுமந்து நின்ற ஒன்றை விலக்கி, அப்பாரத்தைப் புதிய ஒன்றிடம் ஒப்படைப்பதே இரண்டிலும் நிகழ்வது. ஒப்படைக்கும் முறை பிழைத்தால் கூரை குடியிருப்போர் தலைமேல் இறங்கிவிடும்.

கூரையின் பாரம் நிலத்தை அடைவதற்கு ஒரு வழியுண்டு. ஓடுகளின் பாரத்தைச் சலாகைகள் ஏற்கின்றன. சலாகைகளைக் கைமரங்கள் தாங்குகின்றன. கைமரங்கள் முகட்டு வளையிலும் சுவர் வளையிலும் தங்குகின்றன. யாழ்ப்பாணத்தார் தீராந்தி என்று வழங்கும் உத்தரம், இடையிலே வந்து சேரும் பாரத்தை இருபுறச் சுவர்களுக்கோ தூண்களுக்கோ கொண்டுசெல்கிறது. அங்கிருந்து அது அத்திவாரத்துக்கும், பின்னர் நிலத்துக்கும் செல்கிறது. ஒரு சுவர் பாரந் தாங்குவதா, வெறும் மறைப்பா என்பதைக் கீழே நின்று தட்டிப் பார்த்து அறிய இயலாது. மேலே ஏறி, அச்சுவரின்மீது எந்த மரம் தங்கியிருக்கிறது என்பதைக் கண்ணாற் கண்டபின்னரே சுத்தியலை எடுக்கவேண்டும்.

உத்தரம் பாரத்தைத் தாங்கும்போது அதன் உள்ளே நிகழ்வதையும் அறிந்திருத்தல் நன்று. ஒரு மெல்லிய பிரம்பின் இரு முனைகளையும் பிடித்து நடுவே அழுத்தினால், அதன் மேற்புறம் நெருக்குண்டு கீழ்ப்புறம் இழுபடும். உத்தரமும் அவ்வாறே இருக்கிறது. ஆதலின் அதன் நடுப்பகுதியிலே கீழ் விளிம்பை வெட்டுதல் பெருங் கேடு விளைக்கும். பனைமரத்திலே வைரம் புறத்தே அமைந்துள்ளது, உட்புறம் மென்மையானது. அழகுக்காகவோ அளவுக்காகவோ பனை உத்தரத்தின் புறத்தைச் செதுக்குபவர் அதன் வலிமையையே செதுக்கி எறிகின்றார்.

சிறிய வெட்டுக்கள் சேர்ந்து பெரிய ஆபத்தாவதற்குத் தக்க சான்று அமெரிக்க நாட்டுச் சனாதிபதி வாழும் வெள்ளை மாளிகையாகும். 1814 ஆம் ஆண்டிலே பிரித்தானியப் படையினர் அதனை எரித்தனர். எஞ்சிய கற்சுவர்களுக்குள்ளே மரத்தினால் உட்பகுதி மீளவும் அமைக்கப்பட்டு, 1817 இல் சனாதிபதி மன்றோ அங்கே குடிபுகுந்தார். பின்னர் தண்ணீர்க் குழாய்களும், வாயு விளக்குக் குழாய்களும், மின்சாரக் கம்பிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றுக்கு இடந்தேடி வேலையாட்கள் உத்தரங்களை வெட்டியும் துளைத்தும் சென்றனர். 1902 இல், தியோடர் றூஸ்வெல்ட் காலத்திலே, விருந்து மண்டபத்தை விரிவாக்கும்பொருட்டுப் பாரந் தாங்கும் சுவரொன்று அகற்றப்பட்டது. 1927 இல், கூலிட்ஜ் காலத்திலே, பழைய கூரை எடுக்கப்பட்டு உருக்கும் கொங்கிறீற்றும் கொண்ட மேல்மாடி ஏற்றப்பட்டது. அப்புதிய பாரமும் பழைய உட்சுவர்கள்மீதே இறங்கியது.

1948 ஆம் ஆண்டிலே, சனாதிபதி ட்றூமனின் மகள் மார்கரெட்டினுடைய அறையில் இருந்த பியானோவின் கால் தளப்பலகையை உடைத்துக்கொண்டு கீழே இறங்கியது. பொறியியலாளர் சோதித்தபோது, உத்தரங்கள் பிளவுற்றும் உட்சுவர்கள் அமிழ்ந்தும் இருப்பது தெரிந்தது. அவ்வாண்டு நவம்பரில் சனாதிபதியின் குடும்பம் தெருவுக்கு அப்பாலுள்ள பிளேயர் இல்லத்துக்குக் குடிபெயர்ந்தது. 1952 மார்ச்சிலேதான் திரும்பி வந்தது. இடைக்காலத்திலே மாளிகையின் உட்பகுதி முழுவதும் கழற்றப்பட்டது. புறச்சுவர்களின் கீழே 20 அடிக்கும் மேற்பட்ட ஆழத்துக்குக் கொங்கிறீற்றுத் தாங்கிகள் அமைக்கப்பட்டன. உள்ளே புதிய உருக்குச் சட்டகம் நிறுத்தப்பட்டது. அந்த மாளிகையைப் பழுதாக்கிய மனிதர் என்று ஒருவரைச் சுட்ட முடியாது. வந்தவர் ஒவ்வொருவரும் தம் வெட்டு மிகச் சிறியது என்றே எண்ணியிருப்பர்.

இத்தகைய தொல்லை சாதாரண வீட்டுக்கும் வருவதுண்டு. உத்தரம் நடுவிலே தொய்தல், கதவுகள் இறுகுதல், சுவரிலே உத்தரம் தங்கும் இடத்தருகே வெடிப்புத் தோன்றுதல் என்பன அதன் அறிகுறிகள். சுவருக்குள் புதைந்த உத்தர முனையையே கறையானும் ஈரமும் முதலிற் பற்றுவது வழக்கம். நடுமரம் உறுதியாய்த் தோன்ற, முனை மாவாகியிருக்கலாம். கூரிய உளியினால் அங்கே குத்திப் பார்த்தல் வேண்டும்.

உத்தரத்தை மாற்றும் வேலையிலே முதலிற் செய்யவேண்டியது முட்டுக் கொடுத்தல். உத்தரத்தின் ஒருபுறத்தே மட்டும் முட்டுக் கொடுத்தல் போதாது. அதன்மீது தங்கும் மரங்கள் இருபுறமும் நீண்டிருப்பின், இருபுறமும் முட்டு வேண்டும். முட்டுக்களின் தலையிலே ஒரு நீண்ட மரத்தையும், அடியிலே அகன்ற பலகையையும் வைத்தால் பாரம் பரவி இறங்கும். மாடி வீடாயின், மேல்தளத்தில் நிறுத்திய முட்டின் பாரத்தைக் கீழ்த்தளத்தினூடாக நிலம்வரை கொண்டுசெல்ல அங்கும் முட்டுக்கள் நிறுத்தவேண்டும். எதிரெதிரான இரு ஆப்புக்களை மெல்ல அடித்து முட்டை இறுக்கவேண்டும். பாரத்தை ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு இறுக்கினாற் போதும். பல ஆண்டுகளாகத் தொய்ந்த கூரையை ஒரே நாளில் உயர்த்த முனைந்தால், சுவர்கள் வெடிக்கும், ஓடுகள் உடையும். பழைய உத்தரத்தைத் தொடும் முன்னர் முட்டுக்கள் யாவும் நிமிர்ந்து நிற்கின்றனவா என்று தூக்குக்குண்டு கொண்டு பார்த்தல் அவசியம். இவ்வேலை முடியும்வரை பிள்ளைகளும் முதியோரும் அவ்விடத்தில் நடமாடலாகாது.

புதிய உத்தரத்தின் அளவைக் கண்மதிப்பால் தீர்மானித்தல் தகாது. 3 அங்குல அகலமும் 9 அங்குல உயரமும் உடைய மரம், நிமிர்ந்து நிற்கும்போது, படுத்திருக்கும்போது தாங்குவதைப்போல் மும்மடங்கு பாரம் தாங்கும். இடைவெளியின் நீளமோ அதனினும் முக்கியமானது. ஒவ்வோர் அடியின்மீதும் ஒரே அளவு பாரம் இருக்கையில், 10 அடி இடைவெளியை 20 அடியாக்கினால் உத்தரத்தை வளைக்கும் விசை நான்கு மடங்காகும். அதே மரத்தின் தொய்வு பதினாறு மடங்காகும். சிறிய மண்டபத்துக்குப் போதுமாயிருந்த மரம் பெரிய மண்டபத்துக்குப் போதாமற்போவது இதனாலேயே.

உத்தரத்தின் முனைகள் தங்கும் இடமும் உறுதியாயிருத்தல் வேண்டும். முன்பு சுவர் நெடுகிலும் பரவி இறங்கிய பாரம், சுவரை எடுத்தபின் இரு முனைகளிலே குவிகின்றது. பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர் அதனைத் தாங்காது நொறுங்கலாம். ஆகவே முனைகளின் கீழே கருங்கல் அல்லது கொங்கிறீற்றுத் தாங்குபாளம் பதித்து, இடைவெளியை இறுகிய சீமெந்துச் சாந்தினால் அடைத்தல் முறை. அத்திவாரமும் அப்பாரத்துக்கு ஏற்றதா என்பதை ஆராயவேண்டும். கொங்கிறீற்று உத்தரத்தை அவ்விடத்திலேயே வார்ப்பதாயின் அடிமுட்டுக்களை இரு வாரமாவது எடுக்கலாகாது. இடைவெளி நீண்டதாயின் அதற்கு மேலும் பொறுக்கவேண்டும். முட்டுக்களைத் தளர்த்தும்போதும் ஆப்புக்களைச் சிறிது சிறிதாக விடுவித்து, வெடிப்போ ஒலியோ தோன்றுகிறதா என்று கவனித்தல் வேண்டும்.

பொறியியலாளரிடம் கணக்குக் கேட்பதற்கும், மாநகர சபையிலோ நகர சபையிலோ பிரதேச சபையிலோ அனுமதி பெறுவதற்கும் ஆகும் செலவை வீண்செலவென்று கருதுவோர் உளர். தேர்ந்த தச்சரும் மேசனும் உடனிருந்தாலும் அக்கணக்கு வேண்டும். கணக்கு இருந்தாலும் அவர்களுடைய கை வேண்டும். சுவரைத் தகர்க்க ஒரு முற்பகல் போதும். அச்சுவர் சுமந்த பாரம் இனி எங்கே இறங்கப்போகிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்த பின்னரே அந்த முற்பகல் வரவேண்டும். அதுவரை அச்சுவர் நிற்பதே வீட்டுக்கு நலம்.