ஒருவரை ஆளாக்குதல்

இறையன்பில் ஒருவர் வளர்ந்திருக்கின்றார் என்பதை எவ்வாறு அறிவது? அவர் தவறாது வழிபடுகின்றார், மறைநூல் ஓதுகின்றார், நோன்பு நோற்கின்றார். இவை யாவும் நல்லனவே. ஆயினும் சமயச் சான்றோர் மற்றோர் அளவுகோலையும் கையாண்டனர். இவரால் வேறொருவர் வளர்ந்திருக்கின்றாரா? அவ்வாறு வளர்ந்தவர், இவர் துணையின்றியும் நிற்க வல்லவரா? இவ்விரு வினாக்களுள் பின்னதே கடினமானது.

கிறிஸ்தவ சமயத்தில் இந்நெறிக்கு வழிகாட்டியவர் தூய பவுல். தீமோத்தேயு என்னும் இளைஞரை அவர் தம் மகனாகவே கருதிப் பயிற்றினார். தம்மிடம் கேட்டவற்றை நம்பத்தக்கவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், அவர்கள் பிறருக்குக் கற்பிக்க வல்லவராய் இருத்தல் வேண்டும் என்றும் அவ்விளைஞருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் பணிக்கின்றார். பவுல், தீமோத்தேயு, நம்பத்தக்கவர், பிறர் என நான்கு தலைமுறைகள் அவ்வொரு கட்டளையில் அடங்கிவிடுகின்றன.

இந்நெறி நம் நாட்டில் எவ்வாறு வாழ்ந்தது என்பதற்கு இரண்டு சான்றுகளைக் காண்போம். ஒன்று திருவேங்கட மலையில் நிகழ்ந்தது. மற்றொன்று அம்மலையைக் கடந்து தெலுங்கு நாட்டுக்குச் சென்ற தமிழர் ஒருவரின் வாழ்வு.

தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வடவெல்லையாகக் கூறும் வேங்கடம், 1953ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 2022 முதல் அது திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. எல்லைகள் மாறினும், அம்மலையில் வாழ்ந்த பெரியோரின் நினைவு மாறவில்லை. அவர்களுள் ஒருவர் பெரிய திருமலை நம்பி. ஆளவந்தாரின் மாணவர், இராமாநுசரின் தாய்மாமன். திருவேங்கடமுடையானின் நீராட்டுக்கு நாள்தோறும் தீர்த்தம் சுமந்து வருவதே அவர் மேற்கொண்ட தொண்டு. அத்தொண்டின் நினைவாக இன்றும் ஆண்டுதோறும் திருமலையில் தண்ணீரமுது விழா நடைபெறுகின்றது.

இராமாநுசர் முதன்முறையாக மலையேறி வந்தபோது, வயது முதிர்ந்த நம்பி தாமே எதிர்கொண்டு வரவேற்றாராம். இதற்கு ஒரு சிறியவரை அனுப்பியிருக்கலாகாதா என்று இராமாநுசர் வருந்திக் கேட்டார். எங்கும் தேடிப் பார்த்ததாகவும், தம்மினும் சிறியவர் எவரும் அகப்படவில்லை என்றும் நம்பி விடை பகர்ந்தார். குருபரம்பரை நூல்கள் உரைக்கும் இச்செய்தியில் கற்பிப்போனின் முதல் இலக்கணம் விளங்குகின்றது. தன்னைப் பெரியவனாகக் காட்டிக்கொள்பவனிடம் மாணவன் அச்சத்தைக் கற்பான்; தன்னைச் சிறியவனாக எண்ணுபவனிடமே அன்பைக் கற்பான்.

பின்னர்க் கீழ்த்திருப்பதியில் ஓராண்டுக் காலம் நம்பி இராமாயணத்தின் உட்பொருளை இராமாநுசருக்கு உரைத்தார். ஒரு நூல், ஒரு மாணவர், ஓர் ஆண்டு! அவசரமில்லாத அக்கல்வியை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மேலும், இராமாநுசருக்கு ஆசாரியர் ஐவர் இருந்தனர். பெரிய நம்பி, திருக்கோட்டியூர் நம்பி, திருமாலையாண்டான், திருவரங்கப்பெருமாள் அரையர், திருமலை நம்பி ஆகிய அவர்கள் தத்தம் பங்கை அளித்தனர். இவன் எனக்கே உரியவன் என்று எவரும் அவரைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை.

பிடித்து வைத்துக்கொள்ளாமை எத்துணை அரிது என்பதைக் கோவிந்தரின் வரலாறு உணர்த்தும். கோவிந்தர் திருமலை நம்பியின் அன்பு மாணவர். அவருடைய மற்றொரு தங்கையின் மகனும் ஆவார். ஓராண்டுப் பாடம் முடிந்ததும், கோவிந்தரைத் தமக்கு அளிக்குமாறு இராமாநுசர் வேண்டினார், நம்பியும் அளித்தார். புதிய இடத்துக்குச் சென்ற கோவிந்தரோ, பழைய ஆசிரியரின் பிரிவால் வாடி மெலிந்தார். அதனைக் கண்ட இராமாநுசர், ஒருமுறை நம்பியைக் கண்டு வருமாறு அனுப்பினார். ஓடோடி வந்து வாயிலில் நின்றவரை நம்பி உள்ளே அழைக்கவில்லை. களைத்து வந்த பிள்ளைக்கு ஒரு வாய் உணவேனும் தரலாகாதா என்று நம்பியின் துணைவியார் இரங்கினார். விற்ற பசுவுக்கு விற்றவர் புல்லிடுவதில்லை என்று கூறி நம்பி மறுத்துவிட்டார்.

கேட்பதற்கு இது கொடுமையாகத் தோன்றலாம். அன்று அவர் இரங்கியிருந்தால் கோவிந்தர் இரு வீட்டுக்கும் இடையே ஊசலாடும் பிள்ளையாகவே இருந்திருப்பார். அக்கோவிந்தரே பின்னாளில் எம்பார் என்னும் ஆசாரியராகி, பராசர பட்டரை உருவாக்கினார்.

இனி, அதே நெறியின் மற்றொரு பக்கத்தைக் காண்போம். இராமாநுசரின் பெருமையைக் கேட்டு அனந்தாழ்வான் முதலிய சிலர் அவரை நாடி வந்தனர். அவரோ அவர்களைத் தம் மாணவரான அருளாளப்பெருமாள் எம்பெருமானாரிடம் அனுப்பினார். தலைவர் தம்மை நாடி வந்தோரையே மாணவரிடம் ஒப்படைத்து, அவரையும் ஆசிரியராக்க முனைந்தார். குருவியின் தலையில் பனங்காயை வைத்தாற்போலாயிற்றே என்று அருளாளப்பெருமாள் கூசி, இராமாநுசரையே பற்றுமாறு அவர்களுக்குக் கூறினார். ஒப்படைக்க அஞ்சாத ஆசிரியரும், ஒப்படைத்த பின்னும் செருக்குறாத மாணவரும் அமைவதே ஒரு மரபு நீடிப்பதற்குக் காரணம்.

பின்னர், குளிர் மிகுந்த திருமலையில் தங்கி மலர்த்தொண்டு புரிவார் உளரோ என்று இராமாநுசர் வினவியபோது எழுந்து நின்றவர் அந்த அனந்தாழ்வானே. மலைமேல் ஏரி வெட்டி, நந்தவனம் அமைத்து, அதற்குத் தம் ஆசிரியரின் பெயரையே சூட்டினார். ஏரி வெட்டப் பயன்பட்டதெனக் கூறப்படும் கடப்பாரையைத் திருக்கோயில் பெருவாயிலில் இன்றும் காணலாம். மாணவன் ஆசிரியரோடு ஒட்டிக்கொண்டிருப்பது ஒரு பருவம். தொலைவில் நின்று அவர் பணியைத் தன் பணியாக ஆற்றுவது அடுத்த பருவம்.

வேங்கடத்தில் கண்ட இந்நெறியை, அதற்கு வடக்கே, வேறொரு சமயத்தில், அண்மைக் காலத்தில் மேற்கொண்டவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. இவர் 1874ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தார். 1903ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் தோன்றிய இந்திய மிஷனெரி சங்கத்தை நிறுவியோருள் முதன்மையானவர். பிறரை அனுப்புவதோடு அமையாது, 1909ஆம் ஆண்டில் தாமே குடும்பத்தோடு, அந்நாளில் ஐதராபாத் நிசாமின் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல்லுக்குச் சென்றார். முப்பது வயதைக் கடந்த பின்னர்த் தெலுங்கு பயின்றார். 1912ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தாவில் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவியை அடைந்த முதல் இந்தியர் அவரே.

பேராயர் என்ற நிலையில் அவர் பெரிதும் கருதியது சிற்றூர் ஆசிரியர்களை உருவாக்குவதே. அவர்களை மட்டுமன்றி அவர்களுடைய மனைவியரையும் பயிற்றுவித்தார். திருமுழுக்குப் பெற்றோரைத் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, நற்செய்தியைப் பிறருக்குச் சொல்லாதிருத்தல் தமக்குக் கேடு என்று உறுதி கூறச் செய்வது அவர் வழக்கம். நேற்று வந்தவரும் இன்று ஒருவருக்கு வழிகாட்டலாம் என்பது அவர் துணிபு. உழவரும் கூலியாட்களுமான எளிய மக்களிடையே, அவர்களுள்ளேயே தலைவர்களைக் கண்டார். 1910ஆம் ஆண்டில் எடின்பரோ மாநாட்டில், மேலைநாட்டு ஊழியர்கள் இந்தியரைத் தமக்குக் கீழ்ப்பட்டவராய் நடத்தாது, நண்பராய்க் கொள்ள வேண்டும் என்று அவர் துணிந்து கேட்டார். அன்று பிறரிடம் கேட்டதைத் தோர்ணக்கல்லில் தாமே பிறருக்கு அளித்தார். 1945ஆம் ஆண்டின் முதல் நாளில் அவர் மறைந்தபோது, அவர் வளர்த்த திருச்சபை தன் காலில் நின்றது.

அன்பர்களே, பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறுகள் மிக நெருங்கியவை. நம் ஊர்களில் தமிழ்த் திருச்சபை உண்டு. முருகன் கோயில் உண்டு. பஜனை மன்றம் உண்டு. அவற்றை அரும்பாடுபட்டு அமைத்த பெரியவர்களே பல இடங்களில் இன்றும் வேதபாடம் நடத்துகின்றனர். அவர்களே பாட்டும் எடுக்கின்றனர். கணக்கும் அவர்கள் கையிலேயே இருக்கின்றது. இளைஞருக்குக் கிடைப்பது நாற்காலி எடுத்துப் போடும் வேலை மட்டும்! பின்னர், பிள்ளைகளுக்குப் பற்றில்லை என்று நாம் குறைப்படுகின்றோம். பெரியவர் ஒருவர் மறைந்ததும் விளக்கேற்ற ஆளில்லாது போகுமாயின், அது பிள்ளைகளின் குறை மட்டுமாகுமோ?

ஆதலின், நம்முள் ஒவ்வொருவரும் ஓர் இளைஞரை, ஓராண்டுக்கு, ஒரு நூலை முன்னிட்டு ஏற்றுக்கொள்வோமாக. அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாதெனில், அவருக்கு விளங்கும் இந்தியிலோ கன்னடத்திலோ தொடங்கலாம். தெலுங்கு கற்றதனால் அசரியாவின் தமிழ் குறைந்துவிடவில்லை. அவர் தவறு செய்யினும் உடனே கையைப் பற்றி இழுக்காது பொறுத்திருப்போம். ஆண்டு நிறைந்ததும், நாம் அமர்ந்திருந்த இடத்தில் அவரை அமர்த்தி, நாம் கேட்போர் வரிசையில் அமர்வோம். அவ்வாறு அமரும் நாளில் நம் உள்ளம் சிறிது வருந்தக்கூடும். விற்ற பசுவைப் பற்றிப் பேசிய திருமலை நம்பியின் உள்ளமும் அன்று வருந்தாமல் இருந்திராது.