ஆயுளும் மொழியும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

ஆயுள் இறைவன் வகுத்தது என்பது நமது நம்பிக்கை. எனினும், ஒரே நாட்டில் ஒரு சாரார் நெடிது வாழ, மறு சாரார் முன்னதாகவே மறைவது ஏன் என்று சிந்திப்பது நம் கடமையாகும்.

பின்லாந்து நாட்டில் ஃபின்னிஷ், ஸ்வீடிஷ் இரண்டும் தேசிய மொழிகள். ஸ்வீடிஷ் பேசுவோர் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேரே. இரு சாராருக்கும் சட்டமும் மருத்துவ ஏற்பாடும் ஒன்றே. இருந்தும், ஸ்வீடிஷ் பேசுவோரே கூடுதல் காலம் வாழ்கின்றனர். கல்வியும் வருவாயும் ஓரளவே காரணம். சங்கங்களாலும் ஊர்ப்பணிகளாலும் அம்மக்களிடையே வளர்ந்த நெருக்கமும் பரஸ்பர நம்பிக்கையும் இதற்குத் துணைநிற்பதாக மார்க்கு ஹைப்பா முதலிய ஆய்வாளர்கள் 2001இல் எழுதினர். ஆக, ஆயுளை நீட்டுவது மொழியன்று. அம்மொழியினர் கூடி வாழும் வாழ்வே.

இதன் மறுபுறத்தைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் தாய்மொழி தமிழே. அரசு அலுவலகத்தின் மொழியும் அதுவே. ஆயினும், சாலையற்ற சிற்றூர்களில் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வரும் அவலம் நீடித்து வந்துள்ளது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலைப்பகுதியில் பாம்பு தீண்டிய ஒன்றரை வயதுக் குழந்தை, சாலை வசதியின்மையால் உரிய நேரத்தில் மருத்துவமனை சேராது மாண்டது. உடலையும் பெற்றோரே சுமந்து மலையேறினர். மொழி ஒன்றாயிருந்தும் வழி இல்லை!

நம் மஹல்லாவிலோ வழி உண்டு, மொழி தடுக்கிறது. உர்தூ மட்டுமே அறிந்த மூதாட்டி ஒருவர், காலையும் மாலையும் உண்ண வேண்டிய சர்க்கரை நோய் மாத்திரைகளை ஒரே வேளையில் உட்கொண்டு மயங்கி விழுந்ததை நாம் அறிவோம். சீட்டைப் படித்துச் சொல்ல அருகில் எவருமில்லை. நம் ஜமாஅத்தின் கூட்டுறவு தொழுகை வரிசையில் நிற்கும் ஆண்களோடு நின்றுவிடுகிறது. வீட்டிலிருக்கும் முதியவளை அது எட்டவில்லை.

எனவே, மூன்று செயல்களை நிர்வாகத்தின் முன் வைக்கிறோம். தெருவுக்கு இருவர், நோயாளியுடன் மருத்துவமனை சென்று மருந்துச் சீட்டை விளக்க முன்வர வேண்டும். உர்தூ மட்டும் அறிந்த நம் பெண்கள் தமிழ் எழுதப் படிக்க மாலை வகுப்பு தொடங்க வேண்டும். மலையிலிருந்து சிகிச்சைக்கு இறங்கிவரும் அண்டை மக்களுக்கும், மதம் பாராது, இவ்வுதவி கிடைக்க வேண்டும். விருந்துச் செலவில் ஒரு பங்கைக் குறைத்தாலே இவற்றுக்குப் போதும்.

வல்ல இறைவன் நம் அனைவருக்கும் நல்லாயுளையும், பிறர் ஆயுளைப் பேணும் நல்மனத்தையும் அருள்வானாக! ஆமீன்.