வைத்தியசாலைக்கும் வீட்டுக்கும் இடையே

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நோய் வந்தால் வைத்தியசாலை, நோய் தீர்ந்தால் வீடு என்று எண்ணியே நாம் பழகிவிட்டோம். இவ்விரண்டுக்கும் நடுவே ஓரிடம் வேண்டும் என்பது எமக்கு மிகப் பிந்தித்தான் விளங்கியது. அது விளங்கிய விதத்தை முதலிற் சொல்லிவிடுகிறோம்.

எமது பெரியதாயார் 78 வயதிற் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். சத்திரசிகிச்சை செவ்வையாக நடந்தது. பன்னிரண்டாம் நாள் துண்டு வெட்டினார்கள், வீட்டுக்குக் கொண்டுவந்தோம். முன்னறையிற் கட்டிலைப் போட்டோம். முறைவைத்து இரவு பகலாகக் காத்திருந்தோம். சோற்றைக் குழைத்துத் தீத்தினோம். அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்து எழும்ப முயன்ற போதெல்லாம், "எழும்பாதேங்கோ பெரியம்மா, நாங்கள் இருக்கிறம்தானே" என்று தடுத்தோம். எலும்பு பொருந்திவிட்டது; நடை திரும்பவில்லை. ஐந்து மாதம் அந்தக் கட்டிலிலேயே கிடந்து காலமானார். வைத்தியர்கள் தம் கடமையைச் செய்தார்கள். நாமும் அன்பிற் குறை வைக்கவில்லை. பின் எங்கே பிழைத்தது?

கட்டிலிலே பிழைத்தது என்பதே விடை. 1947 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து வைத்தியராகிய றிச்சட் ஆஷர், படுக்கையில் நோயாளரைக் கிடத்திவைப்பதனால் வரும் கேடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி ஒரு கட்டுரை எழுதினார். 2007 இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் திட்டமாகக் காட்டியது. நோய் யாதுமில்லாத முதியவர்கள் சிலரைப் பத்து நாட்கள் படுக்கையில் வைத்திருந்தார்கள். அந்தப் பத்து நாளில் அவர்களுடைய கால்களிலிருந்து மாத்திரம் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்துவிட்டது! சுகதேகிகளுக்கே இக்கதியென்றால், எலும்பு முறிந்து, நோவோடு, சாப்பாடும் செல்லாமற் கிடப்பவரின் நிலையை நீங்களே கணித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு வழிகண்டவர் மாஜரி வொறன் என்ற பெண் வைத்தியர். 1935 இல் லண்டனுக்கு மேற்கேயுள்ள ஐசில்வேத் என்னுமிடத்தில், மேற்கு மிடில்செக்ஸ் வைத்தியசாலையின் பொறுப்பில், பழைய ஏழைகள் விடுதியின் நோயாளர் பகுதி வந்து சேர்ந்தது. 714 பேர். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆண்டுக்கணக்காகக் கிடத்தப்பட்டவர்கள். அம்மையார் ஒருவர் விடாமற் சோதித்தார். இவருக்கு என்ன நோய், இவர் ஏன் நடக்கவில்லை, எதைச் செய்தால் எழும்புவார் என்று தனித்தனியே கேட்டு வகைப்படுத்தினார். பலர் எழுந்து நடந்தார்கள்; வீடு திரும்பியவர்களும் உண்டு. 1943 இலும் 1946 இலும் அவர் எழுதிய கட்டுரைகளிலிருந்தே முதியோர் மருத்துவம் தனித் துறையாக வளர்ந்தது என்பர். "முதுமை" என்பதை ஒரு நோயின் பெயராக ஏற்றுக்கொள்ள மறுத்ததே அவர் செய்த பெருங்காரியம் என்பது எம் எண்ணம்.

அந்த வித்தின் பிந்திய விளைவுதான் இங்கிலாந்தில் 2000 ஆம் ஆண்டுத் திட்டத்தோடு தேசிய சுகாதார சேவையில் விரிவாக்கப்பட்ட இடைநிலைப் பராமரிப்பு. சிறு வைத்தியசாலையிலோ பராமரிப்பு இல்லத்திலோ சில கட்டில்களை ஒதுக்கி நடத்துவதுமுண்டு. உதவியாளர் வீடு தேடி வருவதுமுண்டு. பெரும்பாலும் ஆறு வாரத்துக்கு மேற்படாது. ஓரிரு வாரத்தில் முடிவதும் உண்டு. அந்த ஆறு வாரத்துக்குக் கட்டணம் இல்லை.

அங்கே என்ன நடக்கிறது? முதலில் மதிப்பீடு. நாற்காலியிலிருந்து தானாக எழும்புகிறாரா, மலசலகூடத்துக்குப் போய்வருகிறாரா, சட்டை மாற்றுகிறாரா, படியேறுகிறாரா என்று பார்க்கிறார்கள். 1965 இல் வெளிவந்த பாதெல் அளவுகோல் இப்படியான பத்து விடயங்களுக்குப் புள்ளியிட்டு நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்லும். கண் பார்வை, ஞாபகம், குடிக்கும் மருந்துகள், மனச்சோர்வு எல்லாம் பார்க்கப்படும். இயன்மருத்துவர் நடை பழக்குவார். தொழில்வழி மருத்துவர் வீட்டுக்கே போய்ப் படியின் உயரத்தையும் கட்டிலின் உயரத்தையும் அளந்து, எங்கே கைபிடி பூட்டவேண்டும் என்று சொல்லுவார். வைத்தியசாலையின் சமதரையில் நடப்பவர் தம் வீட்டு வாசற்படியிலே திகைத்து நிற்பார். ஆதலாலே, வீட்டுக்கு அனுப்பிய பின்னரே மதிப்பிடும் வழக்கமும் அங்கே பரவியிருக்கிறது.

உதவியாளர்களுக்குக் கற்பிக்கப்படும் முக்கியமான பாடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது! தேநீர் தயாரிக்க அந்த முதியவருக்கு இருபது நிமிடம் செல்லலாம். உதவியாளர் ஊற்றிக் கொடுத்தால் இரண்டு நிமிடம். ஆயினும் அவர் அருகே நின்று பார்த்திருக்கவேண்டும், விழாமற் காக்கவேண்டும், செய்து கொடுக்கக் கூடாது. இது எம்மவருக்கு எவ்வளவு கடினமான காரியம் என்பதை நாம் அறிவோம். தாய் சட்டை மாட்டப் படும்பாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளையை ஊர் என்ன சொல்லும்?

அங்கேயும் எல்லாம் நிறைவாக இல்லை. இடம் போதாமற் காத்திருப்பவர்கள் உளர். 2017 இல் அந்நாட்டு வழிகாட்டிக் குறிப்பு, கட்டில் ஒதுக்கி நடத்தும் பராமரிப்பை விண்ணப்பம் கிடைத்து இரண்டு நாளுக்குள் தொடங்கவேண்டும் என்று கூறிற்று. கூறியபடி நடவாத இடங்கள் பல. ஆறு வாரம் முடிந்ததும் வசதியுள்ளவர் பணம் கட்டவேண்டும். வைத்தியசாலைக் கட்டிலைக் காலியாக்கும் அவசரத்திலே, முதியவரின் நலம் பின்தள்ளப்படுகிறது என்ற முறைப்பாடும் பழையதே. அது நியாயமான முறைப்பாடு என்றே நாம் கருதுகிறோம்.

இத்தகைய நிலையம் எமதூருக்கு வரும்வரை கையைப் பிசைந்துகொண்டிருக்க வேண்டுமா? துண்டு வெட்டும் நாளுக்கு முன்னரே இயன்மருத்துவரைக் கண்டு, என்னென்ன பயிற்சி, நாளுக்கு எத்தனை முறை, எவ்வளவு பாரம் காலில் ஊன்றலாம் என்று எழுதி வாங்கலாம். குந்தியிருக்கும் மலசலகூடத்துக்குள் ஓட்டையிட்ட நாற்காலியொன்று வைக்கத் தச்சருக்கு அரை நாள் போதும். கிணற்றடிப் பாசியைச் சுரண்டவும், இரவிலே ஒரு விளக்கு எரியவிடவும் எவருடைய அனுமதியும் வேண்டாம். பிள்ளைகள் பிறநாட்டிலிருக்க, முதியவர் இருவர் தனித்திருக்கும் வீடுகள் எமது ஒழுங்கைகளிலே எத்தனை! இச்சங்கத்து இளைஞரில் இருவர் இருவராக ஒரு வீட்டுக்கு ஆறு வாரம், மாலையில் அரை மணி நேரம், அருகே நின்று நடத்திவிட்டு வருவதாக முறையிட்டுக்கொண்டால் அது பெருந்தொண்டாகும். எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதை மாத்திரம் வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டறிந்துகொள்ளுங்கள்.

அந்நாட்டு நிலையங்களில் வந்தவரிடம் தொடக்கத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "நீங்கள் திரும்பவும் எதைச் செய்ய விரும்புகிறீர்கள்?" அவர் சொல்லும் விடையை வைத்தே பயிற்சியை வகுக்கிறார்கள். எமது பெரியதாயாரிடம் இதை நாம் கேட்டதில்லை. கேளாமலே அவர் சொன்னார். "கிணற்றடிக்குப் போய் நானே அள்ளிக் குளிக்கவேணும்" என்று இரண்டு மாதம் வரையிற் சொல்லிக்கொண்டிருந்தார். நாம் அதைப் பிடிவாதம் என்றெண்ணி, வெந்நீர் வைத்துத் துடைத்துவிட்டோம்.