காணி கிடைத்தது, தொழிலுக்கு என்ன வழி?
(ஊர் திரும்பும் குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரை)

சம்பூர் உறவுகளே,

2006இல் இடம்பெயர்ந்தீர்கள். கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் கட்டைபறிச்சானிலும் முகாம் வாழ்க்கை. முதலீட்டுக்கென ஒதுக்கிய 818 ஏக்கருக்கான வர்த்தமானி 2015 மே மாதம் இரத்தானது. கடற்படை முகாம் இருந்த காணியிலும் ஒரு பகுதி 2016 மார்ச்சில் கையளிக்கப்பட்டது. இனி வீடு கட்டலாம். ஆனால் தொழில் இல்லாத இடத்தில் வீடு மட்டும் குடும்பத்தைத் தாங்காது.

யாருக்குத் தொழில் கிடைக்கிறது என்பதில் நமது மாவட்டத்தில் இனமும் மொழியும் நெடுங்காலமாகக் கலந்திருக்கின்றன. 1956இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியானது. அடுத்த ஆண்டு பிரித்தானியர் திருகோணமலைத் தளத்தை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார்கள். அரச வேலைக்குச் சிங்களம் வேண்டுமென்ற நிலையில், தமிழர் பலருக்கு வேலையும் போனது, வேலையோடு வந்த இருப்பிடமும் போனது.

இன்று தமிழும் அரச கரும மொழி. ஆனாலும் துறைமுகத்திலோ சீனன்குடா ஆலைகளிலோ ஆள் எடுக்கும் செய்தி, பெரும்பாலும் உள்ளே வேலை செய்பவரின் வாய்வழியாகத்தான் வெளியே வருகிறது. பத்து வருடம் முகாமில் இருந்தவருக்கு அந்த அறிமுகம் அறுந்துவிட்டது. ஆகவே நான்கு விடயங்களைக் கவனியுங்கள்.

1. கிராம அலுவலரிடம் சம்பூர் முகவரியில் பதிந்து, வதிவிடச் சான்றிதழ் பெறுங்கள். வேலை விண்ணப்பங்களுக்கு அது தேவைப்படும்.

2. அரச வேலைக்கான போட்டிப் பரீட்சையைத் தமிழில் எழுத அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. வேலையில் சேர்ந்தபின், நியாயமான காலத்துக்குள் சிங்களம் கற்கும்படி கேட்கலாம். பிள்ளைகள் இப்போதே படிக்கத் தொடங்கினால் நல்லது.

3. இனத்தையோ மொழியையோ காட்டி அரச நிறுவனம் ஒன்று உங்களை ஒதுக்கினால், அது 12ஆம் உறுப்புரைக்கு எதிரானது. ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் முறையிடுங்கள். விண்ணப்பத்தின் பிரதியையும் கிடைத்த பதிலையும் பத்திரப்படுத்துங்கள்.

4. சிலர் கிழமை நாட்களில் நகரத்தில் தங்கி உழைக்க வேண்டிவரும். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் காணியை வெறுமையாக விடாதீர்கள். வேலி அடையுங்கள், பயிர் வையுங்கள், உறுதியையோ உத்தரவுப்பத்திரத்தையோ கவனமாக வைத்திருங்கள்.

வேலை அறிவித்தல் எது கண்ணில் பட்டாலும் பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள். அறுந்த அறிமுகத்தை நாமே ஒருவருக்கொருவர் கட்டித்தான் ஆக வேண்டும்.

இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.