கூலி: காசின் பெயரா, ஆளின் பெயரா?

(கீரமங்கலம் பட்டிமன்றம். தலைப்பு: "சொல்லுக்குப் பொருள் தருவது சொல்பவரா? கேட்பவரா?" 'கேட்பவரே' என்ற அணியின் தலைவராகப் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணியிலே அமர்ந்திருக்கிற அருமைச் சகோதரர்களே, சகோதரிகளே! விடியறதுக்கு முன்னாடி எழுந்து பூப்பறிச்சு, அந்தக் களைப்போடேயே வந்து முன்வரிசையிலே உட்கார்ந்திருக்கிற கீரமங்கலத்துத் தாய்மார்களே, பெரியோர்களே!

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "சொல் என்பது சொல்பவன் பெற்ற பிள்ளை. அதற்குப் பேர் வைக்கிற உரிமை பெற்றவனுக்குத்தான் உண்டு" என்றார். நல்லா இருந்தது. நானே கை தட்டினேன். ஆனா ஐயா, இதை வேறு எந்த ஊரிலே சொல்லியிருந்தாலும் தப்பிச்சிருப்பீங்க. கீரமங்கலத்திலே வந்து சொல்லலாமா? (சிரிப்பு)

இந்த ஊரின் பெயரையே நக்கீரரோடு சேர்த்துச் சொல்கிறார்கள். குளத்துக்குள்ளே 81 அடி உயரத்திலே சிவபெருமான் நிற்கிறார். அவருக்கு எதிரே நக்கீரர் நிற்கிறார். அந்தக் கதையிலே என்ன வழக்கு? பாட்டை எழுதியவர் இறைவன். கேட்டவர் ஒரு புலவர். எழுதியவரே நேரிலே வந்து, "நான் சொன்னதிலே பிழையில்லை" என்கிறார். கேட்டவர் ஒத்துக்கொண்டாரா? "குற்றம் குற்றமே" என்றார். சொன்னவர் சிவபெருமானாகவே இருந்தாலும், கேட்கிறவனுக்கு ஒரு இடம் உண்டு என்று காட்டின ஊர் ஐயா இது! (கைதட்டல்)

"அதனாலேதானே நக்கீரர் எரிஞ்சு போனார்" என்று எதிரணியிலே ஒருவர் முணுமுணுக்கிறார். எரிஞ்சது அவர் உடம்பு. அவர் கேட்ட கேள்வி இன்னும் எரியவில்லை.

சரி, அந்தக் "குற்றம் குற்றமே" இன்றைக்கு எங்கே இருக்கிறது? 1965லே வந்த 'திருவிளையாடல்' படம் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. கடவுளையே எதிர்த்து நின்ற வாக்கியம். இப்போ சாம்பாரிலே உப்புக் கூடிப்போனா, வீட்டுக்காரர் தட்டைத் தள்ளி வெச்சுட்டுச் சொல்றார், "குற்றம் குற்றமே!" அந்தம்மா நெற்றிக்கண்ணைத் திறக்கிறாங்க. இவர் பேசாம மோரை ஊத்திச் சாப்பிட்டுட்டு எழுந்து போறார். (சிரிப்பு) ஒரே முழக்கம்தான். சபையிலே அது வீரம், சமையலறையிலே அது வம்பு. எது என்று முடிவு பண்ணினது யார்? கேட்ட அந்த அம்மா!

நக்கீரர் வழக்கே கூந்தலுக்கு இயற்கையிலே மணம் உண்டா என்பதுதானே? அந்த மணத்துக்குப் பழைய தமிழிலே என்ன பேர்? நாற்றம். ஆண்டாள் நாச்சியார் கண்ணனுடைய சங்கைப் பார்த்து, அவன் வாய் எப்படி மணக்கும் என்று கேட்கிறார். 'நாறுமோ' என்ற சொல்லாலேதான் கேட்கிறார். பக்தி ததும்புகிற சொல் அது. இன்றைக்கு நீங்க உங்க பூ மார்க்கெட்டிலே போய், ஒரு கூடை மல்லிகையை மோந்து பார்த்து, "அம்மா, உங்க பூ ரொம்ப நாறுது" என்று சொல்லிப் பாருங்களேன்! (பலத்த சிரிப்பு) "நான் தமிழ்ப் பேராசிரியர், ஆண்டாள் பொருளிலே சொன்னேன்" என்றால் விடுவாங்களா? என் முனைவர் பட்டம் எனக்குத் துணைக்கு வருமா? சொன்னவன் மனசு சுத்தம். ஆனாலும் அடி விழும். (சிரிப்பு)

இன்னொரு சொல்லும் உங்களுக்குத் தெரியும். ஹைட்ரோகார்பன். வேதியியல் புத்தகத்திலே அது ஹைட்ரஜனும் கார்பனும் சேர்ந்த பொருள், அவ்வளவுதான். மார்க்கு வாங்கிட்டு மறந்துபோகிற சொல். 2017 பிப்ரவரியிலே, பக்கத்திலே இருக்கிற நெடுவாசலும் அந்தத் திட்டத்திலே சேர்ந்திருக்கிறது என்று அறிவிப்பு வந்தது. சொன்னவர்கள் அதற்கு வைத்த பொருள் 'வளர்ச்சி'. கேட்டவர்களுக்கு என்ன பொருள் பட்டது? "என் கிணறு என்ன ஆகும்? என் தென்னை என்ன ஆகும்?" பள்ளிக்கூட வாசலே மிதிக்காத பாட்டியும் அந்த இங்கிலீஷ் வார்த்தையைத் தப்பில்லாம உச்சரிச்சாங்களே! பந்தலிலே நாள்கணக்கா உட்கார்ந்தாங்களே! 2020லே பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அதிலே டெல்டா மாவட்டங்களோடு புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களும் சேர்ந்தன. புத்தகத்திலே சாதுவா இருந்த ஒரு சொல், கேட்டவர்கள் வயலுக்குள்ளே வந்ததும் வேறு சொல்லா ஆயிடுச்சு. அகராதி இதைத் தடுக்க முடிந்ததா?

நடுவர் அவர்களே! இதுவரைக்கும் சிரிச்சுப் பேசினேன். இனிமேல் பேசப்போகிற சொல் சிரிக்கிற சொல் இல்லை. 'கூலி'.

கூலி நல்ல தமிழ்ச் சொல். வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்திலே, 619ஆம் குறளிலே, தெய்வத்தாலே ஆகாதுன்னாலும், உடம்பு வருந்தினதுக்குரிய கூலியை முயற்சி கொடுத்துவிடும் என்கிற கருத்தைச் சொல்கிறார். உழைப்புக்குக் கிடைக்கிற மரியாதையின் பெயர் கூலி.

அந்தச் சொல் கப்பல் ஏறியது. 1834லிருந்து மொரீஷியசுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்கள் போனாங்க. 1860லே சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்கிற கப்பல் நவம்பர் 16ஆம் தேதி டர்பன் துறைமுகத்திலே போய் நின்றது. போய் இறங்கின இடங்களிலே அந்த மக்களுக்கு வெள்ளைக்காரன் வைத்த பேர் என்ன? 'கூலி'. அந்த ஆங்கிலச் சொல் நம்ம தமிழிலிருந்து போனதா, குஜராத்திலே இருக்கிற கோலி என்கிற மக்களின் பேரிலிருந்து போனதா என்று அறிஞர்களுக்குள்ளே வழக்கு உண்டு. எங்கிருந்து போயிருந்தால் என்ன? ஏச்சாகத்தான் வந்து விழுந்தது. 1885லே டிரான்ஸ்வால் அரசு போட்ட சட்டத்திலேயே அந்தச் சொல்லை எழுதி வைத்தார்கள். லண்டனிலே படித்துப் பட்டம் வாங்கி, 1893லே தென்னாப்பிரிக்காவுக்குப் போன காந்தியடிகளையே 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள்!

எண்ணிப் பாருங்கள். கொடுக்க வேண்டிய காசுக்குப் பேர் கூலி. அந்தக் காசை ஒழுங்காகக் கொடுக்காமல், அதன் பேரை மட்டும் எடுத்து ஆளுக்குச் சூட்டிவிட்டார்கள்! (கைதட்டல்) அப்பா அம்மா ஆசையா வெச்ச பேர் போச்சு, ஊர் போச்சு, உறவு போச்சு. மிஞ்சினது ஒரே சொல். இதிலே சொன்னவன் மனசைப் பார்க்கச் சொல்கிறதா எதிரணி?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. புதுக்கோட்டை, திருச்சி, இராமநாதபுரம், சேலம் என்று நம்ம பக்கத்து மக்கள் காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் போனார்கள். மலையைப் பசுமையாக்கினார்கள். 1948லே வந்த குடியுரிமைச் சட்டத்தாலே அவர்களிலே பெரும்பாலோர் நாடற்றவர்களாக நின்றார்கள். 'தோட்டக்காட்டான்' என்றார்கள், 'கள்ளத்தோணி' என்றார்கள். கங்காணி கூட்டிக்கொண்டு போக, காட்டு வழியிலே கால்நடையாக நடந்து போனவனுடைய பேரப்பிள்ளைக்குக் கள்ளத்தோணி என்று பேர்!

1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். ஏறக்குறைய 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கிலே எடுத்து, 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கு நம்ம அரசாங்கம் ஒரு பேர் வைத்தது, 'தாயகம் திரும்பியோர்'. எவ்வளவு அன்பான பேர்! சொன்னவர் மனசிலே கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. ஆனா ஐயா, ஹட்டனிலே பிறந்து, அங்கேயே படிச்சு, தாயை அந்த மலையிலேயே புதைச்சுட்டு வந்த பெண் ஒருத்தியின் காதிலே அது எப்படி விழும்? "நான் எங்கே திரும்பினேன்? இப்போதானே முதல் முறையா வர்றேன்!" வசவுச் சொல்லை விடுங்கள். அன்பாகச் சொன்ன சொல்லுக்குக்கூடக் கேட்கிறவர் நெஞ்சிலேதான் ஐயா பொருள் பிறக்கிறது! (நீண்ட கைதட்டல்)

எதிரணிச் சகோதரி ஒரு கேள்வி கேட்டார். "கேட்பவர் தப்பாக எடுத்துக்கொண்டால், சொன்னவர் குற்றவாளியா?" நியாயமான கேள்வி. பேருந்திலே கூட்டத்திலே என் காலை ஒருவர் மிதிச்சுடறார். வேணும்னு மிதிக்கவில்லை. அவர் குற்றவாளி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனா வலிக்குதா, எங்கே வலிக்குது என்று சொல்ல வேண்டியவன் யார்? நான்தானே? "எனக்கு வலிக்கவில்லையே, உங்களுக்கு ஏன் வலிக்குது?" என்று மிதிச்சவர் கேட்கலாமா? (சிரிப்பு, கைதட்டல்) தண்டனை கொடுக்க நாங்கள் கேட்கவில்லை. காலை எடுங்க என்றுதான் கேட்கிறோம்.

காயப்பட்டவர்களுக்கு இன்னொரு பெரிய சக்தியும் உண்டு. எறிந்த கல்லை எடுத்து வீடு கட்டுகிற சக்தி. மொரீஷியசிலே போர்ட் லூயி நகரத்திலே, நம்ம மக்கள் வந்து இறங்கின படித்துறைக்கு முன்னே 'கூலி காட்' என்று பேர். அந்தப் பேர் வேண்டாம் என்று சொல்லி 'ஆப்ரவாசி காட்' என்று மாற்றினார்கள். 2006லே யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அதே தீவிலே பிறந்த கால் தொராபுல்லி என்கிற கவிஞர் நேர்மாறாகச் செய்தார். 'கூலி' என்ற சொல்லையே கையிலே எடுத்தார். கடல் கடந்த மக்களின் பண்பாட்டுக்கே அதிலிருந்து 'கூலித்துவம்' என்கிற மாதிரி ஒரு பேரைப் படைத்தார். ஒருவர் சொல்லை உதறினார், ஒருவர் சொல்லை உயர்த்தினார். இரண்டும் சரியா? சரிதான்! ஏன்? இரண்டையும் முடிவு செய்தவர்கள் அந்தச் சொல்லை வாங்கினவர்களின் பிள்ளைகள்.

மலையகத்திலே என்ன நடந்தது? அங்கே போய் 200 ஆண்டு ஆனதை நினைவு கூர்ந்து, 2023லே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும், முன்னோர் நடந்த வழியிலே நடந்தார்கள். என்ன பேர் வைத்துக்கொண்டு நடந்தார்கள் தெரியுமா? 'மாண்புமிகு மலையக மக்கள்'. மாண்புமிகு என்பது மந்திரிமாருக்குப் போடுகிற அடைமொழி. தோட்டக்காட்டான் என்று கேட்ட காதுகள் தங்களுக்குத் தாங்களே கொடுத்த பதில் அது. (பலத்த கைதட்டல்)

2025லே 'கூலி' என்று ரஜினிகாந்த் படம் வந்தது. பேரைப் பார்த்ததும் விசில் அடிச்சோம். கதாநாயகன் மேலே ஒட்டினால் அந்தச் சொல் கம்பீரமாக இருக்கிறது. படம் முடிஞ்சு வெளியிலே வர்றோம். மூட்டை தூக்குகிறவர் மேலே இடிச்சுட்டார். "டேய் கூலி, பார்த்துப் போடா" என்றால்? அதே எழுத்து, அதே ஒலி, அதே வாய். ஆனா அந்த மனிதரின் முகத்தைப் பாருங்கள். பொருள் அங்கே எழுதியிருக்கும்.

ஆகவே தாய்மார்களே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். "இன்னிக்குக் கூலி வாங்கிட்டியா?" என்று கேளுங்கள். அதிலே அக்கறை இருக்கிறது. "அவன் கூலிக்காரன் மவன்தானே, அவனோட என்ன விளையாட்டு?" என்று உங்கள் பிள்ளை காதுபட மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பக்கத்திலே இன்னொரு பிள்ளையின் காதும் இருக்கிறது. நீங்கள் சொல்லிவிட்டு அடுத்த நிமிஷம் மறந்துவிடுவீர்கள். அந்தப் பிள்ளை அதை நாற்பது வருஷம் சுமக்கும். சுமக்கிறவனுக்குத்தானே ஐயா மூட்டையின் கனம் தெரியும்?

நடுவர் அவர்களே! சொல் பிறக்கிற இடம் வாயாக இருக்கலாம். அது வாழ்கிற இடம் காது. எனவே பொருள் தருபவர் கேட்பவரே, கேட்பவரே என்று அடித்துச் சொல்லி, எங்கள் அணி பட்ட பாட்டுக்குரிய கூலியைக் குறைக்காமல் கொடுக்கும்படி கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)