வரட்சி நாட்டின் வாத்தியக்காரன்



நாடக மேடையிலே ஆர்மோனியத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதன் உடன்பிறப்பே அக்கோடியன். துருத்திக் காற்று உலோக நாக்குகளை அதிரச் செய்ய, இரண்டிலும் ஓசை பிறக்கிறது. அக்கருவியை நெஞ்சிலே தாங்கி, ஏளனத்துக்குள்ளான ஒரு மக்கட்கூட்டத்தைத் தலைநிமிரச் செய்த லூயிஸ் கொன்ஸாகாவைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

யாழ்ப்பாணத்தை ஒருகால் ஆண்ட போர்த்துக்கேயரே பிரேசிலையும் ஆண்டவர்கள். அந்நாட்டின் வடகிழக்கே, பெர்னம்புக்கோ மாநிலத்து வறள்நிலத்தில், ஏஷூ என்னும் ஊரில், 1912ஆம் ஆண்டு மார்கழி 13ஆம் நாள் கொன்ஸாகா பிறந்தார். தந்தை ஜனுவாரியோ கமக்காரர். எட்டுப் பாஸ் பொத்தான்கள் கொண்ட சிற்றக்கோடியனை வாசிப்பதிலும் பழுதுபார்ப்பதிலும் கைதேர்ந்தவர். அந்த மண்ணிலே மழை பொய்த்தால் வாழ்வே பொய்த்துவிடும். 1877 முதல் 1879 வரை நீடித்த வரட்சியில் மாண்டவர் தொகை இலட்சக்கணக்கிலாகும். பிழைத்தவர்களின் பிள்ளைகள் பிற்காலத்தில் லொறிகளிலே பலகைகளின் மீது நெருக்குண்டு தெற்கே சாவோ பாவுலோவுக்கும் றியோவுக்கும் சென்றார்கள். கிளிகள் வரிசையாகக் குந்தும் கம்பின் பெயரையே நகரத்தார் அந்த லொறிகளுக்கு இட்டார்கள். ஏறி வந்தவர்களையும் அப்பெயராலேயே இகழ்ந்தார்கள்.

கொன்ஸாகா 1930இல் வீட்டை விட்டோடி இராணுவத்திற் சேர்ந்தார். 1939இல் விலகி, றியோ நகரத்து மதுச்சாலைகளில் வாசிக்கலானார். வாசித்தது என்ன? ஐரோப்பிய வால்ஸும் ஆர்ஜென்டீன டாங்கோவுமே! பிறந்த மண்ணின் பாட்டை நகரத்திலே வாசிக்க அவருக்கு நா எழவில்லை, கை எழவில்லை. வடகிழக்கிலிருந்து வந்த சில மாணவர்கள், "எங்கள் ஊர்ப் பாட்டை ஏன் வாசிக்கிறீரில்லை?" என்ற கருத்துப்படக் கேட்டார்களாம். அதன்பின் தந்தையின் வாசிப்பை நினைவிலிருந்து மீட்டு அவர் வாசித்தபோது சாலையே ஆரவாரித்தது. புதியவர்களுக்கான வானொலிப் போட்டியிலும் அவ்வகை வாசிப்பே வென்றது. 1941இல் ஆர். சி. ஏ. விக்டர் கம்பனி அவரது வாசிப்பை இசைத்தட்டாக்கியது. ஆயினும், அவர் பாடுவதை விரும்பவில்லை; பாடிய முதல் இசைத்தட்டு வெளிவர 1945 ஆயிற்று.

அவரோடு இணைந்தவர் இருவர். உம்பெர்த்தோ தெய்ஷெய்ரா, வழக்கறிஞர். சே டான்டாஸ், வைத்தியர். இருவரும் வடகிழக்கார். கமக்காரன் மகன் ஒருவனோடு வழக்கறிஞரும் வைத்தியரும் சரிசமமாக அமர்ந்து, தம் ஊர்ப் பேச்சு வழக்கிலேயே பாட்டுக் கட்டினார்கள் என்பதை இங்கு வந்திருக்கும் படித்த பெருமக்கள் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.

நாட்டுப்புறப் பாவாணர் பாட்டின் இடையிடையே கம்பி வாத்தியத்தில் மீட்டும் தாளமே 'பையாவோ'. அதற்கு நகரத்து உருவம் கொடுத்தார் கொன்ஸாகா. அக்கோடியன், பெரிய முழவு, இரும்பு முக்கோணம் என மூன்றே கருவிகள்! அப்பகுதிப் பாடல்களிற் பயிலும் ஒரு சுரவரிசை நம் இசைவாணர் ஹரிகாம்போதி என்பதற்கு ஒப்பானது. 1947இல் தெய்ஷெய்ராவுடன் ஆக்கிய 'வெண்சிறகு' என்னும் பாடல், வரட்சியால் ஊரையும் காதலியையும் பிரியும் உழவனின் கூற்று. ஒலிப்பதிவின்போது உடனிருந்த வாத்தியக்காரர், பிச்சைக்காரர் பாட்டென்று நகைத்தார்கள் என்பர். நாடோ அதனை நெஞ்சில் ஏந்திக்கொண்டது.

மாடு மேய்ப்போரின் தோற் தொப்பியை அணிந்து மேடையேறினார். தென்பகுதி அக்கோடியன் கலைஞர் ஒருவர் தம் நாட்டுடையில் தோன்றுவதைக் கண்டு பிறந்த எண்ணம் அது. வானொலி நிலையத்தார் முதலில் தடுத்தார்கள், அவர் விட்டாரில்லை.

1953இல் பெரும் வரட்சி. தெற்கே உண்டியல் குலுக்கினார்கள். அப்போது டான்டாஸுடன் ஆக்கிய பாடலில் கொன்ஸாகா, நன்றி சொல்லிவிட்டு, திடகாத்திரமான மனிதனுக்குப் பிச்சை இழிவு, வேலை தாருங்கள், அணை கட்டுங்கள் என்று கேட்டார். உழவன் அரசிடம் உரிமை கேட்கும் பாட்டு அது.

அவரைப் புரட்சிக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். 1964இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவத்தினரை அவர் எதிர்த்தாரில்லை. அவருடைய மகன் கொன்ஸாகின்யாவின் பாடல்களையோ அதே ஆட்சியின் தணிக்கையாளர் தடுத்தனர். புதிய நகரத்து இசை பரவிய அறுபதுகளில் கொன்ஸாகாவின் புகழ் மங்கியது. நாடு கடந்து இலண்டனில் வாழ்ந்த கயெத்தானோ வெலோசோ 1971இல் 'வெண்சிறகை'ப் பாடியபோது இளைஞர் மீண்டும் அவரைத் தேடினர்.

கலைஞர் என்ற வகையில் ஒன்று குறிப்பிட வேண்டும். பதினாறு ஆண்டுகளின் பின், 1946இல், 120 பாஸ் கொண்ட பெரிய அக்கோடியனை விட்டுப் பிரியாத புகழோடு அவர் ஊர் திரும்பினார். தந்தையின் கருவியிலோ எட்டே பாஸ்கள். துருத்தியை இழுக்கையில் ஒரு சுரம், அமுக்கையில் வேறு சுரம். வசப்படுத்த அரிதானது. பெரிய கருவியோடு வந்த மகனை, "ஜனுவாரியோவை மதி" என்று ஊரார் தலையிற் குட்டுவதாகவே 1950இல் ஒரு பாடலை அவரே வெளியிட்டார். தன்னையே நகைக்கும் துணிவு புகழ் பெற்றோரிடம் அரிது.

1989 ஆவணி 2ஆம் நாள் றெசிஃபே நகரிற் காலமானார். ஏஷூவிலே அடக்கம் பெற்றார். பெர்னம்புக்கோவில் அவர் கண்டெடுத்த ஓர் ஏழைச் சிறுவன் 1954இல் றியோவுக்கு வந்து கதவைத் தட்டியபோது, ஓர் அக்கோடியனை எடுத்துக் கொடுத்தார். டொமிங்கின்யோஸ் என்ற அச்சிறுவன் 2013இல் இறக்கும்வரை அந்த இசையையே வாசித்தான்.