சக்கர நாற்காலி கொடுக்கிறதுக்கு முன்னாடி வாசப்படியை அளந்து பாருங்க

(தகவல் தொழில்நுட்ப அணியின் இணையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நலத்திட்ட உதவி விழான்னாலே தையல் மிஷின், அயர்ன் பெட்டி, அப்புறம் சக்கர நாற்காலி. மேடையில கொடுக்கிறோம், போட்டோ எடுக்கிறோம், நம்ம பக்கத்துல போடுறோம், நீங்களும் ஹார்ட் விடுறீங்க. ஆறு மாசம் கழிச்சு அந்த நாற்காலி எங்க கிடக்குதுன்னு போய்ப் பார்த்தவங்க நம்மள்ல எத்தனை பேர்? இன்னைக்கு அதைப் பத்திதான் பேசப் போறேன். மெக்கானிக்கல் படிச்சவன், நடுவுல செயின், பல்சக்கரம்னு போவேன். பொறுத்துக்கங்க.

நாம வாங்கிக் கொடுக்கிற மடக்கு நாற்காலி ஆஸ்பத்திரி வராண்டாவுக்கு ஏத்தது. நம்ம தெருவுக்கு வந்தா முன்னாடி இருக்கிற சின்னச் சக்கரம் மணல்ல புதையும். கல்லு தட்டினா வண்டி நின்னுடும், உட்கார்ந்திருக்கிறவர் முன்பக்கமா விழுவார். சரி, கையால சுத்துற மூணு சக்கர வண்டி கொடுப்போம்னா, அது தார் ரோட்டுல நல்லாவே ஓடும். ஆனா வீட்டுக்குள்ள நுழையாது. வண்டியைத் தெருவுல விட்டுட்டு உள்ளே தவழ்ந்துதான் போகணும்.

இதே சிக்கலை 2005-ல தான்சானியாவில நேர்ல பார்த்தவர் ஆமோஸ் வின்டர். அப்போ அவர் அமெரிக்காவில எம்.ஐ.டி. மாணவர். பின்னாடி அவரும் நண்பர்களும் சேர்ந்து உருவாக்கினதுதான் 'லீவரேஜ்டு ஃப்ரீடம் சேர்'. சக்கரத்தைக் கையால பிடிச்சுத் தள்றதுக்குப் பதிலா ரெண்டு பக்கமும் ஒவ்வொரு நெம்புகோல். அதை முன்னாடி தள்ளினா சைக்கிள் செயின் வழியா சக்கரம் சுத்தும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதோட கியர்தான். ஏன்னா அதுல கியரே கிடையாது! மேடு, மணல், சேறு வந்தா நெம்புகோலோட உச்சியைப் பிடிச்சுத் தள்ளணும். கை உயரமா இருக்கிறதால முறுக்குவிசை கூடும். கிணத்து ராட்டினம் சுத்துற கைப்பிடி நீளமா இருந்தா சுலபமா சுத்துமே, அதே கணக்கு. நல்ல ரோடு வந்தா கையைக் கீழே இறக்கிப் பிடிக்கணும். அதே தள்ளலுக்குச் சக்கரம் அதிகமா சுத்தும், வேகம் கிடைக்கும். பின்னாடி இழுத்தா பிரேக். வீட்டுக்குள்ள போகும்போது நெம்புகோலைக் கழட்டி வச்சுட்டா சாதாரண நாற்காலி மாதிரி உருட்டிக்கலாம். சாதாரண நாற்காலியோட ஒப்பிட்டுச் சோதிச்சப்போ சமதரையில சுமார் 80 சதவீதம் கூடுதல் வேகம், கரடுமுரடான இடத்துல சுமார் 50 சதவீதம் கூடுதல் முறுக்குவிசை. செயின், ஃப்ரீவீல், பேரிங் எல்லாம் சைக்கிள் சாமான். எந்தக் கிராமத்து சைக்கிள் கடையிலயும் ரிப்பேர் பார்த்துடலாம். விலை கட்டுப்படியானதுக்கும் அதுதான் காரணம்.

ஆனா முதல் வண்டியே இப்படி வந்துடலை. கிழக்கு ஆப்பிரிக்காவில ஓட்டிப் பார்த்தவங்க, "வெளியே பிரமாதம், வீட்டுக்குள்ள ஆகாது, கனமும் ஜாஸ்தி"ன்னு சொல்லிட்டாங்க. அகலத்தையும் எடையையும் குறைச்சு குவாத்தமாலாவுக்குக் கொண்டு போனாங்க. அங்க கேட்டதையும் திருத்தி, நம்ம நாட்டுல ஜெய்ப்பூர் கால் செய்யுற அமைப்போட சேர்ந்து மறுபடி சோதிச்சாங்க. எம்.ஐ.டி. லேப்ல தெரியாத குறையைச் சொன்னவங்க அதுல தினமும் உட்கார்ந்தவங்கதான்.

ரால்ஃப் ஹாட்ச்கிஸ்னு இன்னொருத்தர். 1966-ல பைக் விபத்துல நடக்க முடியாமப் போன இன்ஜினியர். 1980-ல நிகரகுவா போனவர், ஒரே நாற்காலியை நாலு பசங்க மாத்தி மாத்திப் பயன்படுத்துறதைப் பார்த்தார். அவங்களையே கூட வச்சுக்கிட்டு நாற்காலி செய்ய ஆரம்பிச்சார். அந்த வழியில வந்த 'ரஃப் ரைடர்' நாற்காலியோட முன்சக்கரம் அகலமான ரப்பர், மணல்ல புதையாது. அதுக்குப் பேரே 'ஜிம்பாப்வே வீல்'. வேலை ஜிம்பாப்வேயில நடந்தது, பேரும் அவங்களுக்கே.

நம்ம ஊர்லயும் நடக்குது. சென்னை ஐ.ஐ.டி.யில உருவான நியோமோஷன் ஒருத்தரோட உடம்பு அளவுக்கே நாற்காலி செய்து கொடுக்குது. நியோபோல்ட்னு மோட்டார் வண்டியை முன்னாடி மாட்டினா ரோட்டுல ஓட்டிக்கலாம். மடக்கு நாற்காலியை விட விலை பல மடங்குதான், மறுக்கலை. ஆனா பத்து பேருக்கு ஓடாத நாற்காலி கொடுக்கிறதை விட மூணு பேருக்கு ஓடுற நாற்காலி கொடுக்கலாம்ங்கிறது என் கருத்து. பேனர்ல எண்ணிக்கை குறையும், குறையட்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2008-லயே வழிகாட்டி போட்டிருக்கு. ஆளுக்கும் அவர் வாழுற இடத்துக்கும் பொருந்தணும், உள்ளூர்ல ரிப்பேர் பார்க்க முடியணும்னு அதுல இருக்கு. அதனால பட்டியல் எடுக்கப் போற பூத் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையில ஒரு டேப் எடுத்துட்டுப் போங்க. வாசப்படி அகலம், கழிப்பறைக் கதவு அகலம், அவர் இடுப்பு அகலம் மூணையும் குறிங்க. வீட்டுலேர்ந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் ஃபோன்ல ஒரு வீடியோ. கையில பலம் எப்படி, தினமும் எங்க போகணும்னு அவர்கிட்டயே கேளுங்க, கூட நிக்கிறவங்ககிட்ட இல்லை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவரா இருந்தா நல்ல குஷன் கட்டாயம். இல்லைன்னா உட்கார்ந்து உட்கார்ந்தே புண் வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

எல்லாத்தையும் எழுதி மாவட்ட அணிக்கு வாட்ஸ்அப் பண்ணிடுங்க. விழா தேதியை அதுக்கப்புறம் குறிச்சுக்கலாம்.